வயலில் தொங்கிய சிடி

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கல்யாணப் பத்திரிகையைப் பற்றியும் ரயில் டிக்கெட்டைப் பற்றியும் நீ பேசிக்கொண்டிருந்தாய். நான் "கொள்ளாம், கொள்ளாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை, "அப்பா, வேற என்னமாம் சொல்லணுமா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். சொல்ல வேண்டியது ஒன்று எட்டு வருஷமாக இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் சொல்ல முகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஊரார் பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவன் நான். தன் தப்பை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கிழிச்சது மதி, இனி எழுதுங்க" என்றாள். அதனால் இது நாலாவது தாள்.

விஷயம் உன் சிடியைப் பற்றியது. எந்த சிடி என்று நீ கேட்க மாட்டாய். அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்து நாம் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில் பொய். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். ஆலயத்துக்குள் உன்னோடு நடந்து வர வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அந்தப் பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் நடக்க எனக்குக் கால் வரவில்லை. இதை வாசித்துவிட்டு, அப்பா வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடு. உன் மாமா நடந்து வரட்டும். நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். நீ அப்போது கல்லூரியில் முதல் வருஷம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடியதற்குப் பாடகர் குழுப் பயல்களுக்குக் கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். மற்றவன்கள் எல்லாம் புரோட்டா தின்று தீர்த்தான்கள். நீ வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் தள்ளிவிட்ட பழைய கேசட்டையும் சிடியையும் சாக்கு விரித்துப் போட்டு விற்கிறவனிடம் போய் ஒரு ஹெவி மெட்டல் பாட்டு சிடி வாங்கிக்கொண்டு வந்தாய். அட்டையில் இடிந்த கோயில் ஒன்று, அதன் உச்சியில் கொம்பு வைத்த எலும்புக்கூடு. யாரோ குவைத்தில் வாங்கிக் கேட்டுச் சலித்து விற்றது. நீ அதைக் கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், புதுசாகப் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வருகிறவன் மாதிரி இருந்தது. பெட்டியைத் திறக்கும்போதுகூட சத்தம் வராமல் திறப்பாய்.

முன்னறையில் பிளேயர் இருந்தது. ஞானப்பாட்டு கேட்க நான் வாங்கியது. அதில் நீ தினமும் அந்த சிடியைப் போட்டாய். தகர ஷெட்டின் மேல் தேங்காய் விடாமல் விழுவது மாதிரி இருக்கும். அதற்கு நடுவே ஒருவன் வயிற்று வலிக்காரனைப் போலக் கத்துவான். நான் சத்தம் போட்டேன், நீ குறைத்தாய், மறுபடி கூட்டினாய். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் ஒரு நாள் நீ என்னைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாய். "அப்பா, ஒம்பதாவது பாட்ட மட்டும் ஒருக்கா கேளுங்க. நம்ம கொயர் மாதிரி நாலு குரல் வரும்ப்பா. பேஸ் நீங்க பாடுத மாதிரியே பைய எறங்கி வரும்" என்றாய். நீயும் நானும் பாடகர் குழுவில் கீழ்க்குரலான பேஸ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள். உன் குரல் உடைந்த வருஷமே உன்னை என் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டவன் நான். அதை நினைத்துத்தான் நீ கூப்பிட்டாய் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ, "பேய்க்கும் நாலு குரலா லே?" என்று கேட்டுவிட்டு, சொன்னது நன்றாக வந்துவிட்டதென்று நானே சிரித்துக்கொண்டு எழுந்து போனேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ என்னைக் கூப்பிடவில்லை.

இந்தச் சிரிப்பு என்கிற வியாதிதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஊரில் எனக்கு இரண்டு பெயர். ஒன்று கணக்கு சார். இன்னொன்று ஏலக்காரர். அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், சேவல், பலாச்சக்கை, ஒன்றுமில்லாதவர்கள் ஒரு எலுமிச்சம்பழம். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்து மாமரத்தடியில் அதையெல்லாம் அப்போது பதினைந்து வருஷமாக ஏலம் விட்டுவந்தது நான்தான். "இந்தச் சேவலப் பாருங்க, கமிட்டியிலகூட இப்பிடி நெஞ்ச நிமித்தி நிக்க ஆளு கெடையாது" என்று நான் சொன்னால் சபைக் கமிட்டிக்காரர்களே சிரிப்பார்கள். என் வாயால் ஒரு எலுமிச்சம்பழம் கோழி விலைக்குப் போகும். பக்கத்து ஊரிலிருந்துகூட ஏலம் கேட்க இல்லை, என் பேச்சைக் கேட்க வருவார்கள். அந்த ஒரு நாளுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். வகுப்பில் பயல்கள் என்னைக் கண்டால் நடுங்குவான்கள். சிரிப்பு கிடைப்பது அங்கே மட்டும்தான்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "சாருக்க வீட்டுலருந்து பேய் அலறுத சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. பாடகர் குழுல பேஸ் பாடுத பய, வீட்டுல பிசாசுக்கும் பாடுவான் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பழகியவன் நான், என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சுக்குள் அது முள்ளாகக் கிடந்தது. பண்டிகை அன்றைக்குக் காலையில் நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் பிளேயரைத் திறந்து சிடியை எடுத்து, ஒரு பேப்பரில் மடித்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெட்டி உன் அறையில் அலமாரி மேல் இருந்தது. அதை எடுக்கவில்லை. திருடனுக்கும் அவசரம் இருக்கும் அல்லவா.

ஏலத்தில் பாதி முடிந்தபோது அதை வெளியே எடுத்தேன். அன்று நான் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் இப்போதும் என் காதில் கிடக்கிறது. "எல்லாரும் பாத்துக்கிடுங்க. இது எனக்க வீட்டுலருந்து வந்த காணிக்கையாக்கும். வெளிநாட்டுச் சரக்கு. கேட்டா காது போவும், பாத்தா மொகம் தெரியும், ஷேவ் பண்ண ஆவும்" என்றேன். முற்றமே சிரித்தது. முந்தின வாரம் என்னைக் கேலி செய்தவரும் சிரித்தார். தாசையா அண்ணன், பஸ் ரோட்டு ஓரத்தில் வயல் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர், முன்னால் நின்று, "சாரே, இதுக்கு கிளி ஓடுமா?" என்று கேட்டார். "கிளி என்ன ஓய், கிளிக்க தாத்தாவும் ஓடும்" என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் ஒரு விலை சொன்னார். "ஒரு தரம்" என்றேன்.

அப்போதுதான் நீ கையைத் தூக்கினாய். பாடகர் குழுப் பயல்களோடு மாமரத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தாய். ஒரு சத்தமும் போடவில்லை. "அப்பா, அது எனக்குள்ளது" என்று கத்தியிருக்கலாம், ஓடி வந்து பிடுங்கியிருக்கலாம். நீ அதெல்லாம் செய்யவில்லை. மற்றவர்களைப் போல ஏலம் கேட்டு உன் பொருளையே உன் காசுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினாய். வகுப்பில் விடை தெரிந்த பையன் தூக்குவது மாதிரி, உள்ளங்கை விரித்து, தலைக்கு மேலே. முப்பது வருஷம் கை தூக்குகிற பயல்களைப் பார்த்தே பழகிய கண் என்னுடையது. கடைசி பெஞ்சில் அரைக்கை தூக்கினால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

நான் பார்த்தேன் மக்கா. நன்றாகப் பார்த்தேன். உன் கையைப் பார்த்தேன், கைக்குக் கீழே உன் முகத்தையும் பார்த்தேன். உன் கையை நான் எண்ணினால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். சார் பிசாசுத் தட்டைக் காணிக்கை கொடுக்கிறார், சாரின் மகனே அதைத் திரும்ப வாங்குகிறான் என்று சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும். அதனால் உன் தலைக்கு மேலே மாமரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு தரம், மூணு தரம்" என்று ஒரே மூச்சில் சொல்லி, தாசையா அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். வழக்கமாக இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் இடையே நான் எவ்வளவு நேரம் இழுப்பேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இழுக்கவில்லை. உன் கை கீழே இறங்கியதையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அடுத்து ஒரு சக்கையைத் தூக்கி ஏதோ சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நீ பைய, மெதுவாகக் கேட்டாய். "அப்பா, நான் கை தூக்குனத பாத்தியளா?" "இல்லியே மக்கா" என்றேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஜனம் மறச்சிருக்கும்" என்று நீயே சொன்னாய். எனக்கு வேண்டிய சாக்கை நீயே எடுத்துக் கையில் கொடுத்தாய். நானும் "ஆமா, நல்ல ஜனம்லா" என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அடுக்களையில் வைத்து என்னிடம், "நீங்க பாத்திய. நான் பொம்பளையளுக்க பக்கம் நின்னு ஒங்களயும் பாத்தேன், அவனயும் பாத்தேன்" என்றாள். சாயங்காலமே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. பிறகு, சொன்னால் பிள்ளை மனசு தாங்காது என்று நானே அவளுக்கு எடுத்துச் சொல்லி, அவளையும் என் பொய்க்குள் கூட்டு சேர்த்துக்கொண்டேன். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. என்னிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்: நாலு பேர் முன்னால் நல்ல பேர் வாங்க உன் வீட்டுக்காரியின் பொருளையோ பேச்சையோ எடுத்து வெளியே போடாதே. போட்டுவிட்டாயானால் அன்றைக்கே ஒத்துக்கொள். என்னை மாதிரித் தள்ளிப்போட்டால், வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்து சுமக்க வேண்டி வரும்.

மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் பால் பிடித்த சமயம் தாசையா அண்ணன் அதைக் கம்பு நட்டு, நைலான் கயிற்றில் கட்டி, வயலில் தொங்கவிட்டார். நீ கல்லூரிக்குப் போகிற பஸ்ஸும் நான் பள்ளிக்கூடம் போகிற ஸ்கூட்டரும் அந்த வழிதான். காற்றில் அது சுற்றும்போது வெயில் பட்டு என் கண்ணில் அடிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ பஸ்ஸின் எந்தப் பக்கம் உட்கார்ந்து போனாயோ எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அது அங்கே இல்லை. காற்றில் அறுந்து சேற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்து எனக்கு ஒரு நிம்மதி. அந்த நாட்களில்தான் நீ சாயங்காலம் லேட்டாக வர ஆரம்பித்தாய், காலெல்லாம் சேறு. ஒரு நாள் விருந்தாளிகள் இருக்கும்போதே உன்னை வாசலில் நிறுத்தி, "எந்தப் பக்கிகூட ஊரு சுத்திட்டு வாற?" என்று சத்தம் போட்டேன். "ஃபிரண்டுகூட இருந்தேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போனாய்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீ பாடகர் குழுவுக்கு வரவில்லை. "படிக்கணும்ப்பா" என்றாய். நான் எல்லாரிடமும் பையனுக்குப் பரீட்சை என்றேன். பேஸ் வரிசையில் என் பக்கத்தில் நீ நின்ற இடத்தில் ஒரு புது ஆளை நிறுத்தினார்கள். அவன் சுருதி சேரவே மாட்டான். நீ பெங்களூரு போனாய், வேலை கிடைத்தது, தவறாமல் போன் செய்தாய், தவறாமல் வந்தாய். வீட்டுக்கு வந்தால் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாய், ஒரு இம்மி சத்தம் வெளியே வராது. என்ன பாட்டு என்று கேட்க எனக்கு வாய் வரும், கேட்காமல் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளையிடம் எங்கே போய் எதைத் திரும்பக் கேட்பது?

போன மாதம் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க உன் அறையை ஒழித்தோம். அலமாரி மேல் அந்தப் பெட்டி இருந்தது, எலும்புக்கூடு படத்தோடு. எட்டு வருஷமாக அதை நான் தொட்டதில்லை. வெறும் பெட்டியைப் பிள்ளை தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம் குறுகிப்போகும். அன்றைக்கு ஒரு யோசனை வந்தது. அதே சிடியை எங்கேயாவது தேடி வாங்கி, அந்தப் பெட்டியில் வைத்து, கல்யாணப் பரிசாக உன்னிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படியே பேச்சை ஆரம்பித்து உண்மையையும் சொல்லிவிடலாம். அட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை தாளைப் பார்த்தாள், என் வேட்டியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். கடைகளில் இப்போது அது கிடைப்பதில்லையாம். கடைசியில் பழைய சாமான் விற்கிற பக்கத்தில் ஒன்று அகப்பட்டது. மெட்டல் ஆல்பம், சிடி, பழையது, கீறல் கிடையாது, உள்ளே பாட்டுப் புத்தகம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தான்.

மறுநாள் காலை ரயிலில் போனேன். தாடி வைத்த பையன், உன் வயதுதான் இருக்கும். வீட்டு நடுவில் புதுத் தொட்டில் ஒன்று பாதி பூட்டிக் கிடந்தது. குழந்தை வரப்போகிறது, இடம் வேண்டுமென்று அலமாரியைக் காலி செய்கிறானாம். "அங்கிள், மகனுக்கோ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வாங்குகிறவர் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று என்னை உட்கார வைத்தான். "அப்படின்னா ஒம்பதாவது பாட்டு போடுங்க மக்கா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, "ஒம்பதாவது தன்னே வேணும்னு அங்கிளுக்கு எப்படி அறியும்?" என்றான்.

முதலில் அதே தகர ஷெட். பிறகு எல்லாம் சட்டென்று நின்றுபோய், நாலு குரல் மட்டும் எழுந்து வந்தது. மேலே மூன்றும் அப்படியே நிற்க, பேஸ் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கியது. நான் உனக்குச் சொல்லித்தருவேனே, அவசரப்படாமல், கிணற்றுப் படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி என்று, அதே இறக்கம். பதினெட்டு வயதுப் பையன் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து தன் அப்பாவின் குரலைக் கண்டுபிடித்து, வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான். நான் முன்பின் தெரியாத வீட்டில், பூட்டாத தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மற்ற பாட்டெல்லாம் எனக்கு இன்னமும் தேங்காய் விழுகிற சத்தம்தான், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டி இல்லை மக்கா. உள்ளே சிடி இருந்தது. வெயிலில் வெளுத்து, வெள்ளிப் பூச்சு அங்கங்கே பொருக்கு விட்டு, நடு ஓட்டையில் நைலான் கயிற்று முடிச்சோடு. ஓரத்தில் ஒரு பதர் ஒட்டிக் காய்ந்திருந்தது. முடிச்சை நெகிழ்த்திக் கயிற்றைப் பைய உருவிவிட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கிர்ரென்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. பாடாது என்று தெரிந்தும் நீ அதைத் துடைத்து அதன் இடத்தில் வைத்திருக்கிறாய். அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் தாசையா அண்ணனைத் தேடிப் போனேன்.

இப்போது வயலில்லை அவருக்கு, கண்ணும் மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாளு சாயங்காலம் பய வரப்புல வந்து நிக்கான். 'தாசையா மாமா, கிளிய நான் வெரட்டுதேன், அத எனக்குத் தாங்க'ன்னான். வெளையாட்டுக்குச் சொல்லுதான்னு நெனச்சு அவுத்துக் குடுத்துட்டேன். அறுப்பு வரைக்கும் காலேஜ் விட்டு நேரா வயலுக்கு வந்துல்லா நின்னான். ஒரு தகர டப்பா குடுத்தேன், தாளம் போட்டுத் தட்டுனான். அந்த வருசம் கிளி ஒண்ணும் எறங்கல்ல, கேட்டேளா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் அவன்கிட்ட சொன்னேன், 'லே மக்கா, ஏலத்துல நீ கை தூக்குனத நான் பாத்தேன், ஒனக்க அப்பன்கிட்ட கேட்டா வாங்கித் தந்திருப்பாருல்லா'ன்னு. அவன் சொன்னான், 'அப்பா பாக்கல்ல மாமா. பாத்திருந்தா தந்திருப்பாவ'ன்னு" என்றார். சொல்லிவிட்டு மங்கின கண்ணால் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். சேற்றுக் காலோடு வந்த உன்னை வாசலில் நிறுத்தி நான் ஏசிய அந்தச் சாயங்காலம்கூட நீ என்னை நம்பிக்கொண்டுதான் நின்றிருக்கிறாய்.

வெட்கம் என்றால் என்னவென்று அறுபது வயதுக்கு மேல் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ என்னை வெறுத்திருப்பாய் என்று நினைத்து இத்தனை வருஷம் பயந்தேன், அது எவ்வளவோ தேவலை. உன் பொருளை நான் ஏலம் விட்டதை நீ மன்னித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பார்க்காத அப்பாவைத்தான் மன்னித்திருக்கிறாய். பார்த்த அப்பாவை உனக்கு இன்னும் தெரியாது. சொல்லாமலே இருந்துவிடலாமே, கல்யாண நேரத்தில் பிள்ளை மனசை ஏன் உடைக்க வேண்டும் என்று இரண்டு நாள் எனக்குள்ளே நியாயம் பேசிப் பார்த்தேன். உன் அம்மா, "அந்த நியாயம் அவனுக்காக இல்ல, ஒங்களுக்காக. கல்யாணத்துக்கு முன்னாலயே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். போன வருஷத்திலிருந்து ஏலம் விட வேறு ஆள் வந்துவிட்டான். எனக்குத் தொண்டை சரியில்லை என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மை இல்லை. மூணு தரம் என்று சொல்லப்போனால் உன் கை கண் முன்னால் வந்து நிற்கிறது.

வாங்கி வந்த சிடியை உன் பெட்டியில் வைக்கவில்லை. அந்த இடம் காலியாக இல்லை, அதை நீ எப்போதோ நிரப்பிவிட்டாய். புதியது அதன் பெட்டியிலேயே உன் மேஜை மேல் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள். பழையதில் கயிற்றைத் திரும்பக் கோத்து, பதரோடு இருந்தபடியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் நீ வருகிற ரயில் காலையில் நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வரும். அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். அம்மா ஆட்டோவோடு வெளியே நிற்பாள். நான் பிளாட்பாரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பெங்களூரு வண்டி என்றால் நல்ல கூட்டம் இருக்கும். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன் மக்கா. பார்த்து வரத் தோன்றினால் வா. வராமல் அம்மாவோடு ஏறிப் போனாலும் சரி, நான் பின்னாலேயே பஸ்ஸில் வந்துவிடுவேன். வீட்டில் வைத்து உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். என்னை அறியாமல், கை தூக்கினதைப் பார்த்தாயா என்று கேட்டு, நீ "பாக்கல்லப்பா" என்று சொன்னால், ஜனம் மறைத்திருக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அப்பா